சாவுக் கணக்கிலும் கள்ள மரக்கால்!

2021-ம் வருஷத்தில் இந்தியாவில் எத்தனை மரணங்கள் பதிவாயின என்ற கணக்கை மத்திய சர்க்கார் 2025 மே மாதத்தில்தான் வெளியிட்டது. நாலு வருஷம் கழித்து! அந்தத் தொகை சுமார் 1 கோடியே 2 லட்சம். அதற்கு முந்திய 2020-ல் பதிவானது சுமார் 81 லட்சம். 2019-ல் 76 லட்சம். அதாவது, ஒரே வருஷத்தில் 21 லட்சம் சாவுகள் அதிகம். அந்த 2021-ல்தான் கொரோனாவின் இரண்டாவது அலை அடித்தது. சுடுகாடுகளில் இடமில்லாமல் பிணங்கள் வரிசையில் கிடந்தன. கங்கையில் பிணங்கள் மிதந்தன. ஆனால் கொரோனாவால் மாண்டவர்கள் என்று டில்லியின் சுகாதார இலாகா தினந்தோறும் அறிவித்து வந்ததை அந்த வருஷம் முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால் 3 லட்சத்து 32 ஆயிரத்துக்கு மேல் வரவில்லை.

மீதிப் பேர் எதனால் செத்தார்கள்?

நாம் நியாயமாகவே பேசுவோம். ஜனத்தொகை பெருகினால் சாவும் கொஞ்சம் பெருகும். முன்பு பதிவு செய்யாமல் விட்டவர்கள் இப்போது பதிவு செய்கிறார்கள். அதனாலும் எண்ணிக்கை கூடும். இவற்றுக்கு ஒரு பங்கு கழித்துக்கொள்ளலாம். தாராளமாகவே கழித்துக்கொள்ளலாம். 2019-லிருந்து 2020-க்கு ஏறியது 5 லட்சம். அதே அளவு இந்த வருஷமும் ஏறியிருக்கும் என்று விட்டுக்கொடுத்தாலும், இன்னும் 16 லட்சம் பேர் மிச்சம் இருக்கிறார்கள். சர்க்கார் காட்டும் 3 லட்சத்து 32 ஆயிரம் எங்கே, 16 லட்சம் எங்கே?

“கொரோனாதான் போய்விட்டதே, இப்போது எதற்கு இந்தப் பழைய ஒப்பாரி?” என்று கேட்கக் கூடியவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் வீட்டில் சாவு விழவில்லை, அல்லது விழுந்த சாவுக்கு ஒழுங்காகச் சான்றிதழ் கிடைத்திருக்கிறது.

உழைக்கிறவனுக்கு இந்த வித்தை புதிதல்ல. பண்ணையில் நெல்லை உள்ளே அளந்து வாங்க ஒரு மரக்கால், கூலி அளந்து போட இன்னொரு மரக்கால் என்று இருந்ததைக் கீழத்தஞ்சைத் தோழர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. மில்லில் எட்டு மணி நேரம் நின்றவன் பெயர் மஸ்டரில் ஏறாவிட்டால், அவன் அன்று வேலைக்கே வரவில்லை என்றுதான் அர்த்தம். முதுகு வலியும் கால் வலியும் சாட்சிக்கு வருவதில்லை. கொள்ளை நோயிலும் இதேதான் சட்டம். பதிவேட்டில் ஏறாத சாவு, சாவே அல்ல. அதற்கு நஷ்ட ஈடு இல்லை. அடுத்த தடவை நோய் வரும்போது அந்த ஊருக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் இல்லை, பிராணவாயு இல்லை. ஏன் இல்லை என்று கேட்க ஆதாரமும் இல்லை.

ஆகவே இந்த வாரம் கணக்கைப் பற்றியே எழுதுகிறோம். (வாசகசாலையில் இதை உரக்கப் படித்துக் காட்டும் தோழர், எண்கள் வருகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டுகிறோம். எண்கள்தான் விஷயமே.)

யார் எண்ணினார்கள்?

சீனாவில் உஹான் நகரத்தில் ஒரு புதுவித நிமோனியா பரவுகிற செய்தி 2019 டிசம்பர் 31-ல் வெளி உலகத்துக்குத் தெரிந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் 2020 ஜனவரி 30-ல் உலக அளவிலான சுகாதார நெருக்கடி என்று அறிவித்தது. 2023 மே 5-ல்தான் அந்த அறிவிப்பை நீக்கியது. இந்த மூன்றே கால் வருஷ காலமும் உலகம் முழுவதும் பத்திரிகைகளும் ரேடியோக்களும் எடுத்துச் சொன்ன எண்ணிக்கைகள் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து வந்தன. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் லாரன் கார்ட்னர் என்ற பேராசிரியையும், என்ஷெங் டோங் என்ற மாணவரும் 2020 ஜனவரி 22-ல் ஒரு படத்தை வெளியிட்டார்கள். எந்த நாட்டில் எத்தனை பேருக்கு நோய், எத்தனை பேர் சாவு என்பதைச் சிவப்புப் புள்ளிகளாகக் காட்டும் உலகப் படம். 2023 மார்ச் 10-ல் அதை நிறுத்தினார்கள். நிறுத்திய நாளில் அது காட்டிய தொகை: நோய் கண்டவர்கள் 67 கோடிக்கு மேல், மாண்டவர்கள் 68 லட்சத்துக்கு மேல். தடுப்பூசிக் கணக்கை இதே போல நாடுவாரியாகத் தொகுத்தது இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஒரு சிறு ஆராய்ச்சிக் குழு.

போற்றத்தக்க உழைப்பு, சந்தேகமில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். அணுகுண்டு எத்தனை, ராணுவ விமானம் எத்தனை என்று ஒன்றுவிடாமல் எண்ணி வைத்திருக்கும் வல்லரசுகளுக்கு, தங்கள் ஜனங்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்று எண்ண நாதியில்லை. ஒரு பேராசிரியையும் ஒரு மாணவரும் ஆரம்பித்து வைக்க வேண்டியிருந்தது! அவர்களும் என்ன செய்ய முடியும்? ஒவ்வொரு சர்க்காரும் சொன்னதைத்தான் கூட்ட முடியும். பொய்யைக் கூட்டினால் பெரிய பொய்தான் வரும்.

மூன்று தில்லுமுல்லுகள்

நோயாளிகளின் எண்ணிக்கையைக் குறைக்க மிகச் சுலபமான வழி, பரிசோதனை செய்யாமல் இருப்பது. ஆயிரம் பேரைச் சோதித்தால் நூறு பேருக்கு நோய் தெரியும். பத்துப் பேரை மட்டும் சோதித்தால் ஒருவருக்குத்தான் தெரியும். நோய் குறைந்துவிட்டதா? ஆப்பிரிக்காவில் டான்சானியா நாட்டின் ஜனாதிபதி மகுஃபுலி 2020-ல் இன்னும் ஒரு படி மேலே போனார். 509 நோயாளிகள், 21 சாவு என்ற எண்ணிக்கையோடு கணக்கையே நிறுத்திவிட்டார். ஒரு வருஷ காலம் உலகப் படத்தில் டான்சானியாவின் எண் அசையவே இல்லை. 2021 மார்ச்சில் அவரே இறந்துபோனார். இருதய நோய் என்று அறிவித்தார்கள். அவருக்குப் பின் வந்த ஜனாதிபதி சாமியா சுலுஹு ஹசன்தான் மறுபடி கணக்குக் கொடுக்க ஆரம்பித்தார்.

டான்சானியா ஏழை நாடு என்று சிரிக்க வேண்டாம். அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் 2020 ஜூன் 20-ல் துல்சா நகரப் பொதுக்கூட்டத்தில், சோதனையை மெதுவாகச் செய்யும்படி தம் ஆட்களிடம் கூறியதாகப் பகிரங்கமாகவே சொன்னார். பணக்கார இங்கிலாந்தில் 2020 அக்டோபரில் 15,841 நோயாளிகள் கணக்கிலிருந்து காணாமல் போனார்கள். காரணம், கம்ப்யூட்டரில் பழைய ரகப் பட்டியலில் அதற்கு மேல் வரிசை இடம் கொள்ளவில்லையாம்! அந்த ஆயிரக்கணக்கானவர்களோடு பழகியவர்களை எச்சரிக்கும் வேலை அதனால் பல நாள் தாமதமாயிற்று.

இரண்டாவது வழி, எது கொரோனாச் சாவு என்பதற்கு வியாக்கியானம் சொல்லுவது. 2020 ஆகஸ்டில் இங்கிலாந்து சர்க்கார், நோய் கண்டு 28 நாளைக்குள் இறந்தால்தான் கணக்கு என்று விதியை மாற்றியது. ஒரே நாளில் 5,000-க்கும் அதிகமான பிணங்கள் பட்டியலிலிருந்து எழுந்து போய்விட்டன. 29-ம் நாள் செத்தவன் வேறு ஏதோ ஒன்றால் செத்தான் போலும். இதற்கு நேர்மாறாக பெல்ஜியம் நாடு, முதியோர் இல்லங்களில் சோதனை செய்யாமலே இறந்தவர்களையும், கொரோனா என்று சந்தேகம் இருந்தால் கணக்கில் சேர்த்தது. விளைவு, 2020-ல் உலகத்திலேயே மோசமான நாடுகளில் ஒன்று என்று பெல்ஜியத்துக்குப் பெயர். ஒழுங்காக எண்ணியவன் குற்றவாளி, மறைத்தவன் கெட்டிக்காரன்! நியூயார்க் ராஜ்யத்தில் முதியோர் இல்லச் சாவுகள் பாதியளவுக்குக் குறைத்துக் காட்டப்பட்டிருக்கலாம் என்று அந்த ராஜ்யத்தின் அட்டர்னி ஜெனரலே 2021 ஜனவரியில் அறிக்கை கொடுத்தார்.

மூன்றாவது, சொல்லாமலே இருந்துவிடுவது. இங்கே நாம் சீனாவைப் பற்றி மட்டும் வாய் மூடிக்கொண்டு போகப் போவதில்லை. உஹான் நகர நிர்வாகம் 2020 ஏப்ரல் 17-ல் தன் சாவுக் கணக்கைத் திருத்தி, விட்டுப்போன 1,290 பேரைச் சேர்த்து, 3,869 என்று அறிவித்தது. திருத்தியது நல்லது. ஆனால் 2022 டிசம்பரில் கட்டுப்பாடுகளைத் தளர்த்தி, நோய் நாடெங்கும் பரவிய அதே சமயத்தில், டிசம்பர் 25-லிருந்து தேசிய சுகாதாரக் கமிஷன் தினசரிக் கணக்கு வெளியிடுவதை நிறுத்திக்கொண்டது. பிறகு ஜனவரியில் ஒரு மாதச் சாவு சுமார் 60 ஆயிரம் என்று சொன்னார்கள். அதுவும் ஆஸ்பத்திரிக்குள் நடந்த சாவு மட்டும். வீட்டில் செத்தவர்கள் அதில் இல்லை. எந்தக் கொடி பறக்கிற நாடானாலும் ஜனங்களின் சாவை ஜனங்களிடமிருந்து மறைக்க யாருக்கும் உரிமை கிடையாது.

நம் வீட்டிலும் நடந்தது. 2020 ஜூலை 22-ல் தமிழ்நாடு சர்க்கார், சென்னையில் விட்டுப்போன 444 மரணங்களை ஒரேயடியாகச் சேர்த்தது. மாநகராட்சியின் மரணப் பதிவேட்டில் இருந்தவர்கள் சுகாதார இலாகாவின் பட்டியலில் இல்லை. பத்திரிகைகளும் எதிர்க்கட்சிகளும் இடித்துக் கேட்டிராவிட்டால் அந்த 444 பேரும் இன்றைக்கும் பட்டியலுக்கு வெளியேதான் நின்றிருப்பார்கள்.

மறைக்க முடியாத கணக்கு

அப்படியானால் உண்மையை எப்படித்தான் கண்டுபிடிப்பது? அதற்கு ஒரு வழி இருக்கிறது. பாமரனுக்கும் புரியக் கூடிய வழி. ஒரு கிராமத்தில் வருஷா வருஷம் சராசரியாக இருபது பேர் காலமாகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருஷம் முப்பத்தைந்து பேர் போய்விட்டார்கள். அந்தப் பதினைந்து பேர் அதிகப்படி. டாக்டர் சீட்டில் மாரடைப்பு என்று எழுதினாலும், மூச்சுத்திணறல் என்று எழுதினாலும், ஒன்றுமே எழுதாவிட்டாலும் அந்தப் பதினைந்து புதைகுழிகளை ஒளிக்க முடியாது. நோயால் நேரே செத்தவர்களும் அதில் உண்டு. ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்காமல் பிரசவத்திலும் சிறுநீரகக் கோளாறிலும் செத்தவர்களும் உண்டு. இருவரையும் கொன்றது அந்தக் கொள்ளை நோய்க் காலந்தான்.

இந்த முறையில்தான் உலக சுகாதார ஸ்தாபனம் 2022 மே 5-ல் தன் மதிப்பீட்டை வெளியிட்டது. 2020, 2021 ஆகிய இரண்டு வருஷங்களில் உலகத்தில் அதிகப்படியாக மாண்டவர்கள் 1 கோடியே 49 லட்சம். சர்க்கார்கள் எல்லாம் சேர்ந்து ஒப்புக்கொண்டிருந்ததோ 54 லட்சம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு! இந்தியாவுக்கு மட்டும் அந்த ஸ்தாபனம் போட்ட மதிப்பு 47 லட்சம். நம் சர்க்கார் ஒப்புக்கொண்டது 4 லட்சத்து 81 ஆயிரம். ஏறக்குறைய பத்து மடங்கு வித்தியாசம். டில்லி சர்க்கார் உடனே ஆட்சேபித்தது. கணித முறை சரியில்லை, இவ்வளவு பெரிய நாட்டுக்கு அது பொருந்தாது என்றது. மதிப்பீடு என்பது மதிப்பீடுதான். அதில் ஏற்றத் தாழ்வு இருக்கும், ஸ்தாபனமே அதை மறைக்கவில்லை. ஆனால் மதிப்பீடு தேவைப்பட்டதே எதனால்? நாட்டின் பதிவேடுகளைப் பூட்டி வைத்துக்கொண்டு, வெளியே நின்று குத்துமதிப்பாகச் சொன்னவனை “நீ தப்பாகச் சொல்கிறாய்” என்று கோபித்தால் எப்படி? பூட்டைத் திறக்க 2025 மே வரை ஆயிற்று. திறந்தபோது தெரிந்தது மேலே நாம் சொன்ன 21 லட்சம்.

தென் அமெரிக்காவில் பெரு என்ற நாட்டைப் பாருங்கள். நம்மைப்போல் ஏழை நாடு. நிபுணர்களைக் கொண்ட ஒரு குழுவை அமைத்து, பழைய பதிவுகளை எல்லாம் புரட்டிப் பார்த்து, 2021 மே 31-ல் அந்த நாட்டு சர்க்கார் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. கொரோனாவில் செத்தவர்கள் 69,342 பேர் அல்ல, 1,80,764 பேர். ஒரே நாளில் தன் கணக்கை இரண்டரை மடங்குக்கு மேல் உயர்த்திக்கொண்டது. ஜனத்தொகையில் லட்சம் பேருக்கு இத்தனை சாவு என்று பார்த்தால் உலகத்திலேயே பெருதான் முதல் என்று ஆயிற்று. அந்த அவமானத்தை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். வானம் இடிந்து விழவில்லை.

லட்சம் பேருக்கு எத்தனை என்ற அளவையும் தோழர்கள் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 11 லட்சத்துக்கு மேல் செத்தார்கள், பெருவில் 2 லட்சத்துக்கு மேல். மொத்தத்தைப் பார்த்தால் அமெரிக்கா மோசம். ஆனால் அமெரிக்காவின் ஜனத்தொகை 33 கோடி. பெருவுடையது 3 கோடி சொச்சம். லட்சம் பேருக்கு அமெரிக்காவில் 350 பேர் அளவில் என்றால், பெருவில் 600-க்கும் மேல். இந்தியாவின் சர்க்கார் கணக்குப்படி லட்சத்துக்கு 40 பேர்கூட இல்லை! ஆக்ஸிஜன் சிலிண்டருக்காக ஜனங்கள் தெருத் தெருவாக ஓடிய நாடு, உலகத்திலேயே பத்திரமான நாடுகளில் ஒன்றாம். நம்புகிறவர்கள் நம்பட்டும். சாவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த காரணம் இருக்கிறதா என்று பார்த்தால், பதிவான மரணங்களில் நாலில் ஒன்றுக்குக்கூட இந்தியாவில் அது கிடையாது.

எந்த வர்க்கம் செத்தது?

நாடுவாரிக் கணக்கு முக்கியந்தான். ஆனால் நாட்டுக்குள்ளே யார் செத்தார்கள் என்பது அதைவிட முக்கியம். இங்கிலாந்தின் தேசியப் புள்ளிவிவர இலாகா தொழில்வாரியாக ஒரு கணக்கு எடுத்தது. 2020 மார்ச் முதல் டிசம்பர் வரை, வேலை செய்யும் வயதுள்ள ஆண்களில் லட்சத்துக்கு 31 பேர் கொரோனாவில் மாண்டார்கள். கூலி வேலை, சுமை வேலை, ஆலையில் அடிமட்ட வேலை, காவல் வேலை செய்கிறவர்களை மட்டும் தனியாக எடுத்தால் லட்சத்துக்கு 66 பேர். இரண்டு மடங்குக்கும் அதிகம். வீட்டிலிருந்தே வேலை செய்யக் கூடியவன் பிழைத்தான். பஸ் ஏறி வேலைக்குப் போயே தீர வேண்டியவன் செத்தான்.

இந்தியாவில் இப்படி ஒரு கணக்கு உண்டா? தினசரி அறிக்கையில் நோயாளிகள், குணமானவர்கள், மாண்டவர்கள் என்று கட்டங்கள் இருந்தன. அவன் மில் தொழிலாளியா, நெல் அறுத்தவனா, துப்புரவுத் தொழிலாளியா என்ற கட்டம் மட்டும் இல்லை. 2020 மார்ச் 24 இரவு நாலு மணி நேர அவகாசத்தில் நாட்டையே பூட்டினார்கள். வேலையும் சோறும் இல்லாமல் லட்சோப லட்சம் தொழிலாளிகள் சொந்த ஊருக்குக் கால்நடையாக நடந்தார்கள். மே 8-ல் அவுரங்காபாத் அருகே ரயில் பாதையில் படுத்துறங்கிய 16 தொழிலாளிகள் மீது கூட்ஸ் வண்டி ஏறியது. அந்த செப்டம்பரில் பார்லிமெண்டில் கேட்டார்கள்: இப்படி வழியில் செத்த தொழிலாளிகள் எத்தனை பேர்? தொழிலாளர் மந்திரி இலாகாவின் பதில்: அப்படி ஒரு கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. 2021 ஜூலை 20-ல் இன்னொரு கேள்வி: ஆக்ஸிஜன் இல்லாமல் செத்தவர்கள் எத்தனை? ராஜ்யங்கள் அப்படிக் குறிப்பிட்டு எதுவும் தெரிவிக்கவில்லை என்று பதில். கணக்கு இல்லை, ஆகையால் சாவும் இல்லை!

பணம் என்று வந்தவுடன் இந்த மூடுதிரை கிழிந்தது. பேரிடர்ச் சட்டப்படி ஒவ்வொரு சாவுக்கும் 4 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு நடந்தது. அவ்வளவு கொடுத்தால் நிதியே காலியாகிவிடும் என்று மத்திய சர்க்கார் வாதாடியது. கோர்ட் 2021 ஜூன் 30-ல் ஏதாவது ஒரு தொகை கொடுத்தே ஆகவேண்டும் என்று தீர்ப்பளித்தபின், 50 ஆயிரம் ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். மனுக்கள் வந்து குவிந்தன. குஜராத்தில் சர்க்கார் ஒப்புக்கொண்ட கொரோனாச் சாவு சுமார் 10 ஆயிரம். 2022 ஜனவரியில் கோர்ட்டுக்கு வந்த விவரப்படி நஷ்ட ஈட்டுக்கு மனுச் செய்தவர்கள் 89 ஆயிரத்துக்கும் மேல். அவற்றில் அறுபதாயிரத்துக்கும் அதிகமானவற்றை அந்த ராஜ்ய சர்க்காரே நியாயமானவை என்று ஏற்றது. விதியைத் தளர்த்தியதால் கூடியது என்று சமாதானம் சொன்னார்கள். அப்படியானால் முதலில் போட்ட விதி எதற்காக இறுக்கமாக இருந்தது என்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது.

ஊசியிலும் அதே அளவை

தடுப்பூசிக் கணக்கில் வேறு விதமான சாமர்த்தியம். அங்கே குறைத்துச் சொல்ல மாட்டார்கள், கூட்டிச் சொல்லுவார்கள். 2021 அக்டோபர் 21-ல் இந்தியாவில் 100 கோடி ஊசி போட்டாகிவிட்டது என்று கொண்டாட்டம் நடந்தது. 100 கோடி ஊசி வேறு, 100 கோடி ஆட்கள் வேறு. ஒருவருக்கு இரண்டு ஊசி போட வேண்டும். இரண்டும் போட்டு முடித்தவர்கள் அன்றைக்கு 30 கோடிக்கும் குறைவு. ஜனத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். சதவிகிதம் சொல்ல ஜனத்தொகை தெரிய வேண்டும்; 2021-ல் எடுக்க வேண்டிய ஜனத்தொகைக் கணக்கையே 2027-க்குத் தள்ளிவிட்டார்கள் என்பது வேறு கதை.

அந்த ஊசிகளுக்கு என்ன விலை வைத்தார்கள் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். 2021 ஏப்ரலில் சீரம் கம்பெனி கோவிஷீல்டுக்கு அறிவித்த விலை: மத்திய சர்க்காருக்கு 150 ரூபாய், ராஜ்ய சர்க்கார்களுக்கு 400, தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு 600. (எதிர்ப்பு வந்தபின் ராஜ்யங்களுக்கு 300 ஆக்கினார்கள்.) ஒரே மருந்து, ஒரே சீசா, மூன்று விலை! ஜனங்கள் சாகும் நேரத்தில் ராஜ்யங்களைச் சந்தையில் போட்டிபோட்டு வாங்கும்படி விட்டார்கள். சுப்ரீம் கோர்ட் குறுக்குக் கேள்வி கேட்டபின் ஜூன் 21-லிருந்து மத்திய சர்க்கார் வாங்கும் ஏற்பாடு திரும்பி வந்தது; அப்போதும் நாலில் ஒரு பங்கு தனியாருக்கு.

உலக அளவில் நடந்தது இதைவிடப் பெரிய அநியாயம். ஏழை நாடுகளுக்கு 2021 முடிவதற்குள் 200 கோடி ஊசி என்று வாக்குக் கொடுத்த கோவாக்ஸ் திட்டம், 100 கோடியாவது ஊசியை அனுப்பியதே 2022 ஜனவரி நடுவில்தான். 2021 செப்டம்பருக்குள் ஒவ்வொரு நாட்டிலும் பத்துப் பேரில் ஒருவருக்காவது போட வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் வைத்த இலக்கை 56 நாடுகள் எட்டவில்லை. பெரும்பாலும் ஆப்பிரிக்க நாடுகள். அந்த நவம்பரில் பணக்கார நாடுகள் மூன்றாவது ஊசி போட ஆரம்பித்திருந்தன. ஏழை நாடுகளில் ஒரு நாளில் போடப்படும் முதல் ஊசிகளைப்போல் ஆறு மடங்கு மூன்றாவது ஊசிகள் உலகில் போடப்படுவதாக ஸ்தாபனத்தின் தலைவர் டெட்ரோஸ் சொன்னார். கடைசிக் கணக்கில் உலக ஜனங்களில் 70 சதவிகிதம் பேருக்கு ஒரு ஊசியாவது கிடைத்திருக்கிறது. மிக ஏழை நாடுகளில் மட்டும் எடுத்துப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குதான்.

ஊசி தயாரிக்க முடியாமலா போயிற்று? காப்புரிமையைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள், எல்லா நாடுகளும் செய்துகொள்ளட்டும் என்று இந்தியாவும் தென் ஆப்பிரிக்காவும் 2020 அக்டோபர் 2-ல் உலக வர்த்தக ஸ்தாபனத்தில் கோரின. (டில்லி சர்க்கார் செய்த நல்ல காரியத்தை நாம் மறைக்கவில்லை.) ஐரோப்பியப் பணக்கார நாடுகள் ஒன்றேமுக்கால் வருஷம் இழுத்தடித்தன. 2022 ஜூன் 17-ல் வந்த தீர்மானம் தடுப்பூசிக்கு மட்டும், அதுவும் ஆயிரம் நிபந்தனையோடு. அதற்குள் ஃபைசர் கம்பெனி 2021 ஒரே வருஷத்தில் இந்த ஊசியை விற்றுப் பெற்ற தொகை 3,600 கோடி டாலருக்கு மேல். மாடர்னா கம்பெனி 1,700 கோடி டாலருக்கு மேல். மாடர்னாவின் ஆராய்ச்சிக்கு அமெரிக்க ஜனங்களின் வரிப்பணம் போயிருந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். செலவு பொதுவில், லாபம் தனியில்.

கூபாவின் உதாரணத்தையும் சொல்ல வேண்டும். ஒரு கோடி ஜனங்கள் உள்ள சின்னத் தீவு. அமெரிக்கத் தடையால் ஊசிக் குழாய்க்குக்கூடப் பஞ்சம். அப்படியிருந்தும் அப்தாலா, சோபரானா என்ற தன் சொந்த மருந்துகளைத் தன் பொதுத்துறை ஆய்வகங்களில் தயாரித்து, 2021 செப்டம்பரிலேயே இரண்டு வயதுக் குழந்தைகள் வரை போட ஆரம்பித்தது. அந்த வருஷ முடிவுக்குள் ஜனங்களில் பெரும்பாலோருக்குப் போட்டு முடித்தது. ஆனால் கணக்கு விஷயத்தில் நண்பனுக்கு ஒரு மரக்கால், மற்றவனுக்கு ஒரு மரக்கால் வைக்க நமக்கு மனமில்லை. கூபா அறிவித்த மொத்தக் கொரோனாச் சாவு எட்டரை ஆயிரம்; 2021-ல் முந்திய வருஷத்தைவிட 50 ஆயிரம் பேருக்கு மேல் அதிகம் இறந்ததாக அந்த நாட்டுப் புள்ளிவிவர இலாகாவே பின்னால் பதிப்பித்தது. அதைத் தாங்களே பதிப்பித்தார்கள் என்பது அவர்களுக்குப் பெருமை. எட்டரை ஆயிரம் என்ற எண் அல்ல.

நம் ஊரில் கிண்டியில் பி.சி.ஜி. ஆய்வகமும் குன்னூரில் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டும் குழந்தைகளுக்கான தடுப்பு மருந்துகளைப் பல பத்து வருஷம் தயாரித்துக் கொடுத்தவை. இரண்டும் பொதுச்சொத்து. 2008-ல் உற்பத்தி முறை நவீனமாக இல்லை என்று சொல்லி அவற்றின் லைசென்ஸை மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்தது. நவீனமாக்கப் பணம் கொடுக்க வேண்டியது யார் என்று அப்போது யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. பிறகு லைசென்ஸைத் திருப்பித் தந்தார்கள். இடைக் காலத்துச் சந்தை தனியாருக்குப் போய்விட்டது. செங்கல்பட்டில் பல நூறு கோடி ரூபாய் பொதுப்பணத்தில் கட்டிய தடுப்பூசித் தொழிற்சாலை, 2021 மே மாதம் ஜனங்கள் ஊசிக்காக வெயிலில் வரிசையில் நின்றபோது, ஒரு சீசா மருந்து கூடச் செய்யாமல் சும்மா கிடந்தது. எங்களிடம் கொடுங்கள், நாங்கள் நடத்துகிறோம் என்று தமிழ்நாட்டு முதல் மந்திரி பிரதமருக்கு எழுதியும் பலிக்கவில்லை.

என்ன செய்ய வேண்டும்?

2025 மே 20-ல் ஜெனீவாவில் கொள்ளை நோய் ஒப்பந்தம் ஒன்றை உலக நாடுகள் ஏற்றன. நோய்க் கிருமியின் மாதிரியைக் கொடுக்கிற ஏழை நாட்டுக்கு அதிலிருந்து செய்த மருந்தில் எவ்வளவு பங்கு என்ற முக்கியமான ஷரத்தை மட்டும் அன்று பின்னால் பேசித் தீர்க்க விட்டுவிட்டார்கள். அதற்கு நாலு மாதம் முன்பே, ஜனவரி 20-ல், உலக சுகாதார ஸ்தாபனத்திலிருந்தே வெளியேறும் உத்தரவில் டிரம்ப் கையெழுத்துப் போட்டாயிற்று. அடுத்த கொள்ளை நோய் வந்தால் அதை எண்ணுவதற்கு இருந்த கொஞ்ச நஞ்ச ஏற்பாட்டையும் பலவீனப்படுத்தும் வேலை இது.

மத்திய சர்க்காரை நாம் கேட்பது இதுதான். மரணப் பதிவுக் கணக்கை நாலு வருஷம் பூட்டி வைக்காமல் மாதா மாதம், ஜில்லா வாரியாக, தொழில் வாரியாக வெளியிட வேண்டும். 2021-ல் அதிகப்படியாக இறந்தவர்களின் குடும்பங்களில், ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக 50 ஆயிரம் மறுக்கப்பட்டவர்களுக்கு மறு விசாரணை நடத்த வேண்டும். கிண்டி, குன்னூர், செங்கல்பட்டு மூன்றையும் முழு அளவில் ஓட்ட வேண்டும்.

மேலே கேட்பது ஒருபுறம் இருக்க, கிளைகள் இப்போதே செய்யக் கூடிய காரியம் ஒன்று உண்டு. 1969-ம் வருஷச் சட்டப்படி ஒரு மரணத்தை 21 நாளைக்குள் பதிவு செய்தால் கட்டணம் கிடையாது. பதிவின் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். ஒரு வருஷம் தாண்டினால் மேலதிகாரி உத்தரவுக்கு அலைய வேண்டும். கிராமத்தில் கிராம நிர்வாக அதிகாரியிடமும், டவுனில் நகரசபை ஆபீசிலும் பதிவு நடக்கிறது. சேரியிலும் மில் லயனிலும் ஒரு சாவு விழுந்தால், எடுக்கும் காரியம் முடிந்த கையோடு கிளைத் தோழர் ஒருவர் அந்தக் குடும்பத்தாருடன் போக வேண்டும். வைத்தியம் பார்த்த டாக்டரிடம் சாவுக்குக் காரணம் எழுதி வாங்க வேண்டும். அதற்கு அவர் காசு கேட்கக் கூடாது. மரண அறிக்கைப் படிவத்தில் இறந்தவரின் தொழில் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் கோடு கிழித்துவிட்டுப் போனால் விடாதீர்கள். விவசாயக் கூலி, நூற்பாலைத் தொழிலாளி என்று எழுதச் சொல்லுங்கள். நகலைக் கையில் வாங்காமல் திரும்ப வேண்டாம்.